பின்பக்கக் கல்தளம்: 90 ரூபாய்க்கும் 165 ரூபாய்க்கும் நடுவில் என்ன இருக்கிறது?

கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் பக்கம் வீடு. பின்னால் 20 அடிக்கு 15 அடி காலி இடம், ஓரத்தில் ஒரு மாமரம். சாயங்காலம் அப்பா நாற்காலி போட்டு உட்காரவும், நாலு பேர் வந்தால் பேசிக்கொண்டிருக்கவும் பேவர் பிளாக் தளம் போட நினைக்கிறீர்கள். ஒரு மேஸ்திரி சதுர அடிக்கு 90 ரூபாய் சொல்லி, பாதிப் பணம் முன்னாலேயே கேட்கிறார். இன்னொரு காண்ட்ராக்டர் 165 சொல்கிறார். எது நியாயமான ரேட், பாதி அட்வான்ஸ் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இதில் வேறொரு கேள்விதான் முதலில் தெரிகிறது. இந்த இரண்டு பேரும் ஒரே வேலைக்குத்தான் விலை சொல்லியிருக்கிறார்களா? நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இல்லை என்றுதான் தோன்றுகிறது. இரண்டு பேருமே "பேவர் போட்டுத் தர்றோம்" என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறார்கள். பேவருக்கு அடியில் என்ன போடுவார்கள் என்று நீங்களும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

நான் சிவில் டிப்ளமா முடித்து, தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு பக்கமும் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். முதலில் சூப்பர்வைசர், அப்புறம் சின்னச் சின்ன வேலைகளைச் சொந்தமாக எடுத்துச் செய்தேன். அதை வைத்துச் சொல்கிறேன். உங்கள் மண்ணை நேரில் பார்க்காமல் சொல்வதால், எது நிச்சயம், எது இடத்தைப் பொறுத்தது என்பதையும் அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

நிச்சயமாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். வீட்டுத் தளத்தில் பேவர் உடைந்து வேலை கெட்டதை நான் பார்த்தது மிகக் குறைவு. கெடுவதெல்லாம் அடித்தளம்தான். மேல்மண்ணை எடுக்காமல், தண்ணீர் விட்டுத் திமிசுக் கட்டையால் இடிக்காமல், இரண்டு அங்குலம் கிரஷர் பவுடரை (கல் உடைக்கும்போது வரும் தூள்) கொட்டி அதன் மேல் கல்லை அடுக்கினால், முடித்த அன்று பார்க்க அருமையாக இருக்கும். ஒரு மழைக்காலம் போனால் நடுவில் பள்ளம் விழும், ஓரத்துக் கல் விலகும், தண்ணீர் நிற்கும். இந்தத் தளத்துக்கு முறையான வேலை என்றால், செடி வேர், குப்பை மண் எல்லாம் போக சுமார் 9 அங்குலம் தோண்ட வேண்டும். அடிமண்ணை நனைத்து இடிக்க வேண்டும். அதன் மேல் ஜல்லியும் தூளும் கலந்த கிராவல் அல்லது வெட்மிக்ஸ் (அதையே தண்ணீரோடு கலந்து தருவது) போட்டு, மூன்று அங்குலத்துக்கு ஒரு தடவை ராம்மர் என்ற இடிக்கும் இயந்திரத்தை ஓட்ட வேண்டும். சரளையும் செம்மண்ணும் கலந்த கெட்டியான மண் என்றால் இந்த அடுக்கு 4 அங்குலம் போதும். கொட்டி நிரப்பிய மண்ணாகவோ கரிசலாகவோ இருந்தால் 6 அங்குலத்துக்குக் குறைத்து நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதற்கு மேல் ஒன்று அல்லது ஒன்றரை அங்குலம் மணல் படுக்கை, பிறகு பேவர். நான்கு பக்கமும் கான்கிரீட்டில் ஓரக்கட்டு வேண்டும். ஓரக்கட்டு இல்லாத பேவர் தளம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்பக்கம் நகரும். இதை எத்தனையோ வீட்டில் பார்த்துவிட்டேன்.

இப்போது கணக்குக்கு வருவோம். 20க்கு 15 என்றால் 300 சதுர அடி. நான்கு அங்குலக் கனம் என்றால் சரியாக 100 கன அடி, நம் ஊர் பேச்சில் ஒரு யூனிட். இடித்தால் கிராவல் அமுங்கும் என்பதால் உதிரியாக ஒன்றே கால், ஒன்றரை யூனிட் வர வேண்டும். ஆறு அங்குலம் என்றால் இரண்டு யூனிட். இந்த ஒரு கணக்கு தெரிந்தாலே பாதி விஷயம் உங்கள் கையில். டிராக்டர் வந்து கொட்டுவதற்கு முன் டிரெய்லரின் நீளம், அகலம், சரக்கின் உயரம் மூன்றையும் டேப் வைத்து அளந்து பெருக்குங்கள். "ஒரு லோடு" என்ற சொல்லுக்கு அளவே கிடையாது. அதே மாதிரி 9 அங்குலம் தோண்டினால் 225 கன அடி மண் வெளியே வரும். தோண்டிய மண் உப்பும், அதனால் மூன்று யூனிட்டுக்கு நெருங்கிவிடும். அதை யார் அள்ளுவது, எங்கே கொட்டுவது? ரேட் பேசும்போது யாரும் இதைப் பேசுவதில்லை. வேலை முடிகிற அன்று சண்டை வருவது பெரும்பாலும் இதில்தான்.

சுமையையும் நினைத்துப் பாருங்கள். 60 மி.மீ. பேவர் ஒரு சதுர அடிக்குச் சுமார் 13 கிலோ. 300 சதுர அடிக்கு நான்கு டன் நெருங்கும். கிராவலும் மணலும் தனி. வீட்டுப் பக்கத்துச் சந்து மூன்றடிதான் என்றால் எல்லாம் தலைச்சுமையாகவோ கைவண்டியிலோதான் உள்ளே போக வேண்டும். வண்டி பின்பக்கம் வரை வருமா வராதா என்பதிலேயே ஆள் கூலி கணிசமாக மாறும். 165 சொன்னவர் வந்து இடத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாரா, 90 சொன்னவர் போனிலேயே சொன்னாரா? இது நீங்கள் எழுதவில்லை. ஆனால் நான் முதலில் கேட்பது அதைத்தான்.

அந்த 90 ரூபாயில் என்ன அடங்கும் என்பதை நீங்களே பார்த்துவிடலாம். உங்கள் ஊர்ப் பக்கத்துப் பேவர் யார்டில் 60 மி.மீ. கல் சதுர அடி என்ன விலை, டெலிவரி என்ன என்று கேளுங்கள். இரண்டு யூனிட் கிராவல், அரை யூனிட் எம்-சாண்ட், ஒரு நாள் ராம்மர் வாடகை, ஓரக்கட்டுக்கு சிமெண்ட், கொத்தனார், சித்தாள் கூலி எல்லாம் கூட்டி 300ஆல் வகுங்கள். விலை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். அதனால் நான் ஒரு எண்ணைச் சொல்லி உங்களைக் குழப்ப விரும்பவில்லை. என் அனுபவத்தில் 90 ரூபாய் என்பது கல்லும், கல் அடுக்கும் கூலியும். அடித்தளத்துக்கு அதில் இடம் இருக்காது. அந்த மேஸ்திரி ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. அவர் மனதில் இருக்கிற வேலையே அவ்வளவுதான் என்றும் இருக்கலாம். "அடியில ஆறு அங்குலம் கிராவல் போட்டு இடிச்சுத் தர எவ்வளவுங்க மேஸ்திரி?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் யோசித்து 140 என்றால் அது நேர்மையான பதில். "அதெல்லாம் தேவையே இல்லீங்க, நம்ம மண்ணு கல்லு மாதிரி" என்றால், ஒரு கடப்பாரையை எடுத்து அவர் முன்னாலேயே மூன்று நான்கு இடத்தில் ஓங்கிப் போடுங்கள். இரண்டு அங்குலத்தில் டங்கென்று நின்றால் அவர் சொல்வது சரி. பர்கூர் பக்கம் சில மனைகளில் ஓரடியிலேயே பாறை தட்டுவதும் உண்டு. கடப்பாரை முக்கால் அடி உள்ளே இறங்கினால் அந்த மண்ணை நம்பக் கூடாது. பாறை வந்தால் உடைக்கிற கூலி யாருடையது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கடப்பாரை போட்டால் போதாது. செப்டிக் டேங்க் இருக்கிற பக்கத்தைத் தனியாகப் பாருங்கள். கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகி ஓரிரு வருடம் இருக்கும், காவேரிப்பட்டணத்தில் ஒரு வீட்டு வேலை. நான் அப்போது சூப்பர்வைசர். செப்டிக் டேங்க் கட்டி முடித்து, சுவரைச் சுற்றி இருந்த குழியை உதிரி மண்ணால் மூடியிருந்தார்கள். யாரும் தண்ணீர் விட்டு இடிக்கவில்லை. நான் அதைப் பார்த்தேன். வேலை நேரத்துக்கு முடிய வேண்டும் என்று பேசாமல் விட்டுவிட்டேன். அதன் மேல் பேவர் போட்டோம். ஐப்பசி மழை கழிந்து அந்த வீட்டு அம்மா கூப்பிட்டனுப்பினார். போய்ப் பார்த்தால், குழியின் நீள அகலம் அப்படியே தரையில் வரைந்து வைத்த மாதிரி, டேங்கைச் சுற்றி ஒரு கைப்பிடி ஆழத்துக்குத் தளம் இறங்கியிருந்தது. டேங்க் மூடி மட்டும் மேடாக நின்றது. வயதான ஒருவர் இடறி விழுந்திருக்க வேண்டியது. கல்லை எடுத்து, மண்ணை ஒவ்வொரு அடுக்காக நனைத்து இடித்து, திரும்பப் போட இரண்டு நாள் ஆனது. அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும், டேங்க் எங்கே, போர்வெல் எங்கே, பழைய கிணறு எதையாவது மூடியிருக்கிறீர்களா என்று கேட்காமல் நான் நூல் கட்டி வேலை தொடங்கியதில்லை. டேங்க் மூடி, போர் வாய் இரண்டையும் பேவருக்கு அடியில் புதைக்க விடாதீர்கள். டேங்க் கழுவ லாரி வரும்போதுதான் அதன் அருமை தெரியும்.

அடுத்தது வாட்டம். இதில் சந்தேகமே கிடையாது. தளத்தின் சரிவு வீட்டை விட்டு வெளியே போக வேண்டும். ஐந்தடிக்கு ஒரு அங்குலம் என்பது எளிய கணக்கு. உங்கள் 15 அடியில் வீட்டுப் பக்கம் இருப்பதைவிட மதில் பக்கம் மூன்று அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது. தண்ணீர் டியூப் வைத்து இரண்டு முனையிலும் குறி போட்டு, நூல் கட்டி, டேப்பால் அளந்து நீங்களே பார்க்கலாம். தளத்தின் மேல்மட்டம் வீட்டுத் தரைமட்டத்தைவிட ஆறு அங்குலமாவது கீழே இருக்கட்டும். இல்லையென்றால் சுவரில் ஓதம் ஏறும், பின்வாசல் வழியாகத் தண்ணீரும் வரும். மதில் பக்கம் வந்து சேரும் தண்ணீர் எங்கே போகும் என்பதையும் முன்னாலேயே முடிவு செய்யுங்கள். உங்கள் 300 சதுர அடியில் ஐந்து செ.மீ. மழை பெய்தால் 1,400 லிட்டர் தண்ணீர். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது, அரூரில் 33 செ.மீ. ஊத்தங்கரைக் கணக்குப்படி உங்கள் தளத்தின் மேல் மட்டும் 14,000 லிட்டர் விழும், அதாவது ஒரு பெரிய தண்ணீர் லாரி நிறைய. அப்படிப்பட்ட மழைக்கு யாரும் தளம் போட முடியாது, தேவையும் இல்லை. ஆனால் தண்ணீர் வீட்டைப் பார்த்து ஓடுகிறதா, வெளியே ஓடுகிறதா என்பது அன்றைக்குத்தான் உயிரான விஷயமாக இருக்கும்.

கல்லைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேவருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 15658. கார் ஏறாத, ஆள் நடக்கிற இடத்துக்கு அதன்படி 50 மி.மீ. கனமே போதும். ஆனால் நான் 60 போடச் சொல்வேன், என்றாவது ஒரு பைக்கோ சிமெண்ட் வண்டியோ ஏறும். 80 மி.மீ. உங்களுக்குத் தேவையில்லை, யாராவது அதை விற்கப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். யார்டில் இரண்டு கல்லை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். சாவியால் கீறினால் மாவாக உதிரக் கூடாது. உங்கள் ஊர்ப் பக்கம் கிரானைட் கம்பெனிகளில் துண்டுக் கற்கள் மலிவாகக் கிடைக்கும், அதைப் போடலாம் என்றும் ஒருவர் யோசனை சொல்லியிருப்பார். நல்ல யோசனைதான், நானும் போட்டிருக்கிறேன். ஆனால் பாலிஷ் போட்ட பக்கம் மேலே வரக் கூடாது. மழை ஈரத்தில் கண்ணாடி மாதிரி வழுக்கும், அதுவும் அப்பா உட்காரப் போகிற இடம். தீயில் சுட்டுச் சொரசொரப்பாக்கிய கல், இல்லை உளி கொத்திய கல் என்றால் தாராளமாகப் போடலாம். கறுப்புக் கல்லை வெயில் படுகிற இடத்தில் போட்டால் சித்திரையில் வெறுங்காலோடு நிற்க முடியாது. மெல்லிய கிரானைட் பலகையை மணல் மேல் போட்டால் உடையும், அடியில் கான்கிரீட் வேண்டும். 300 சதுர அடிக்கு நான்கு அங்குலம், 1:4:8 கலவை (ஒரு பங்கு சிமெண்ட், நான்கு பங்கு மணல், எட்டுப் பங்கு ஜல்லி) என்றால் சுமார் பத்து மூட்டை சிமெண்ட் பிடிக்கும். காலிச் சாக்குகளை எண்ணிப் பாருங்கள். ஆறு சாக்குதான் இருக்கிறது என்றால் கேள்வி கேட்கலாம்.

சரி, யாரிடம் கொடுப்பது? போனில் காட்டுகிற படங்களை நான் பொருட்படுத்துவதில்லை. எல்லாத் தளமும் முடித்த அன்று நன்றாகத்தான் இருக்கும். இரண்டு மழைக்காலம் கடந்த வேலை ஒன்றை, அந்த வீட்டு முகவரியோடு காட்டச் சொல்லுங்கள். நேரில் போய் வீட்டுக்காரரிடம் பேசுங்கள். ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றி எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். ஓரத்துக் கல் மேல் ஏறி நின்று ஆடுகிறதா என்று பாருங்கள். "சொன்ன நாளுக்கு வந்தாரா, நடுவில் காணாமல் போனாரா?" என்று கட்டாயம் கேளுங்கள். நம் மாவட்ட ஆட்களில் பாதிப் பேர் ஓசூர், பெங்களூர் என்று வேலைக்குப் போகிறவர்கள். அங்கே பெரிய வேலை வந்தால் உங்கள் சின்ன வேலை பத்து நாள் பாதியில் நிற்கும். பொங்கலுக்கும் ஆடிக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் ஆள் வரமாட்டார்கள், அது இயல்பு, அதைக் குறையாகச் சொல்லக் கூடாது. பொங்கல் கழிந்து கோடை மழை தொடங்குவதற்குள் வைத்துக்கொண்டால் இரண்டு பேருக்கும் நல்லது. ஜி.எஸ்.டி. எண் இல்லை என்பதற்காக மட்டும் ஒரு மேஸ்திரியைத் தள்ளாதீர்கள். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் பொதுவாகப் பதிவு கட்டாயமில்லை. எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த பேவர் ஆட்கள் இருவருக்கும் அது கிடையாது.

பாதி அட்வான்ஸ் கேட்டதைப் பற்றி. வேண்டாம் என்பதுதான் என் பதில். அதே நேரம் அவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அவரிடம் கல் வாங்க முதல் இருக்காது, ஆட்களுக்கும் முன்பணம் கொடுத்தால்தான் வருவார்கள். அதனால் கல், கிராவல், மணல் மூன்றுக்கும் நீங்களே யார்டில் நேராகப் பணம் கட்டிவிட்டு, அவரிடம் கூலி வேலையாக மட்டும் கொடுங்கள். அலைச்சல் கொஞ்சம் உங்களுக்கு. ஆனால் பெரிய தொகை யாருடைய கையிலும் மாட்டாது, பொருளின் தரமும் உங்கள் கண்ணுக்குத் தெரியும். கூலியில் ஒரு பத்து சதவீதம் ஆட்கள் வந்து நூல் கட்டுகிற அன்று கொடுக்கலாம். அடித்தளம் இடித்து முடித்து, நீங்கள் பார்த்த பிறகு நாற்பது. கல் போட்டு, இடுக்குகளில் மணல் நிரப்பி, தட்டையான அதிர்வு இயந்திரம் ஓட்டிய பிறகு நாற்பது. கடைசிப் பத்து சதவீதம் முதல் நல்ல மழைக்குப் பிறகு, மழை வராவிட்டால் ஒரு மாதம் கழித்து. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் நல்ல மேஸ்திரி யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். கடைசியில் பிடித்து வைத்தால்தான் மனஸ்தாபம். சொன்ன நாளில் சொன்ன பணத்தைக் கொடுத்துவிடுவதும் உங்கள் கடமை. சனிக்கிழமை கூலிக்காக அவருடைய ஆட்கள் காத்திருப்பார்கள்.

பேசியதை ஒரு தாளில் எழுதுங்கள். பெரிய ஒப்பந்தமெல்லாம் வேண்டாம். "20க்கு 15 அடி, 9 அங்குலம் தோண்டி மண்ணை வெளியே எடுப்பது, 6 அங்குலம் கிராவல், இரண்டு அடுக்காக நனைத்து ராம்மர், ஒரு அங்குலம் மணல், 60 மி.மீ. பேவர், நான்கு பக்கமும் கான்கிரீட் ஓரக்கட்டு, மதில் பக்கம் 3 அங்குல வாட்டம், ஒரு வருடத்துக்குள் இறங்கினால் கூலி வாங்காமல் சரிசெய்து தருவது, தொகை இவ்வளவு" என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அதையே வாட்ஸ்அப்பிலும் அனுப்பி, அவரிடமிருந்து சரி என்று பதில் வாங்குங்கள். தகராறு முற்றினால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும், ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. ஆனால் முப்பது, நாற்பதாயிரம் ரூபாய் வேலைக்கு அந்த வழி நீளமானது. கையில் வைத்திருக்கும் கடைசிப் பத்து சதவீதமும், அடித்தளம் போடுகிற அன்று நீங்கள் லீவு போட்டு வீட்டில் இருப்பதும்தான் உண்மையான பாதுகாப்பு. ஒரே ஒரு நாள்தான் லீவு கிடைக்கும் என்றால், கல் போடுகிற நாளை விட்டுவிட்டு கிராவல் இடிக்கிற நாளில் இருங்கள். ஒவ்வொரு அடுக்கிலும் டேப் வைத்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆட்களுக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுங்கள்.

மாமரத்தைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருந்தீர்கள். ஆனால் எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. அடிமரத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் மூன்றடியாவது மண்ணாகவே விடுங்கள், வட்டமாக ஒரு குட்டைச் சுவர் கட்டி நிறுத்திவிடலாம். தடித்த வேர் குறுக்கே வந்தால் வெட்டச் சொல்லாதீர்கள். அந்த இடத்தில் தளத்தை உள்வாங்கிப் போடச் சொல்லுங்கள், பத்து சதுர அடி குறைந்தால் குறையட்டும். மரம் இருப்பதால்தான் உங்களுக்கு கான்கிரீட் தளத்தைவிட பேவர் பொருத்தம் என்கிறேன். வேர் தூக்கினால் கான்கிரீட் விரிசல் விட்டுப் போகும். பேவர் என்றால் நாலு கல்லை எடுத்து, மணலைச் சரிசெய்து, அதே கல்லைத் திரும்ப வைத்துவிடலாம். அதற்காக மேஸ்திரியிடம் சொல்லி இருபது கல் கூடுதலாக வாங்கி ஒரு மூலையில் அடுக்கி வையுங்கள். ஐந்து வருடம் கழித்து அதே நிறமும் அதே அச்சும் கிடைக்காது.